இரண்டாய்த் தெரிந்த மலை

நாற்காலியை நாலு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் சசிதரன் ஆளை உட்காரச் சொல்வார். "போட்டதுக்கப்புறம் எந்திரிக்கக் கூடாதுங்க, நடக்கக் கூடாதுங்க. தல சுத்துனா ஒடனே கழட்டிருங்க, வெக்கப்படாதீங்க." இதைச் சொல்லி முடிக்கும்வரை வீடியோ கண்ணாடியைக் கையைவிட்டுத் தர மாட்டார்.

குன்னூருக்கு மேலே உள்ள அந்தக் காட்சிமுனையில் வருஷத்தில் பாதி நாள் மூட்டம். சமவெளியிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வருகிறவர்களுக்குக் கம்பிவேலிக்கு அப்பால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. அவர்களுடைய வயிற்றெரிச்சல்தான் இங்கே தொழில். வெயில் நாளில் படம் பிடித்த பள்ளத்தாக்கும் தேயிலைச் சரிவும் தூரத்து அருவியும் கண்ணாடிக்குள் ஓடும். கண்ணாடியும் பக்கத்து டீக்கடையும் கெஸியா அக்காவுடையவை. சசிதரன் சம்பளத்துக்கு இருப்பவர்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. வயர் காலில் சிக்காமல் சுருட்டி, கண்ணாடிக்குப் படம் அனுப்பும் ஃபோனை வந்தவர் மடியில் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுத்தான் மாட்டுவார். "பொறுங்க, மூக்குல நல்லா உக்காரட்டும்." பேசும்போது முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிக்கொள்வார். எவ்வளவு கவனமாகக் கேட்கிறார் என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

விஷயம் வேறு. எஸ்டேட்டில் தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டியபோது தெறித்த குச்சி, இடக்கண்ணின் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. பார்ப்பவர்களுக்கு இரண்டு கண்ணும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிறகு வேலை கேட்டுப் போன டீ ஃபேக்டரியில், "ஒத்தக் கண்ண வெச்சுட்டு மெஷின்கிட்ட என்ன பண்ணுவ?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார்கள். அன்றைக்குக் கூனிக்குறுகியவர், கெஸியாவிடம் வேலைக்குச் சேரும்போது கண்ணைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒருநாள் காலை, இடப்பக்க மேசையைக் கவனிக்காமல் முழங்கையால் தட்டிவிட்டார். கண்ணாடி கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் வலக்கண்ணருகே பிடித்துப் பார்த்தார். இரண்டிலும் படம் ஓடியது. ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரே படமாகத் தெரிகிறதா என்று பார்க்க இரண்டு கண் வேண்டுமே. அக்காவைப் பார்க்கச் சொல்லலாம். நீயே பாரேன் என்பார். சரியாகத்தான் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

முதலில் வந்து உட்கார்ந்தவள் ஈரோட்டுப் புதுப்பெண். படத்தில் அருவி வருவதற்குள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பட்டுப்புடவையிலேயே வாந்தி எடுத்தாள்.

"இவள எங்க கூட்டிட்டு வந்தாலும் இதே ரோதனைதான்," என்றான் கணவன், சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி.

அவள் டீக்கடையில் தண்ணீர் வாங்கி, புடவையை விட்டுவிட்டு முதலில் நாற்காலியைக் கழுவினாள். "மன்னிச்சுக்குங்கண்ணா. எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. எனக்குத்தான் பாக்கத் தெரியல போல."

சசிதரனுக்கு உடம்பே கூசியது. தான் மறைத்ததற்கு, ஒரு பாவமும் அறியாத பெண் நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்கிறாள். இப்போதும் பேசாமல் இருந்தால் வேலை நிலைக்கும். பழி அவளோடு காரில் ஏறி மலையிறங்கிப் போய்விடும்.

"வுடுங்கம்முணி, நாற்காலிய நான் கழுவிக்கறேன்," என்றவர் கண்ணாடியைக் கணவனிடம் கொடுத்தார். "ஏனுங்க, நீங்க உக்காந்து ஒருக்கா போட்டுப் பாருங்க."

அவன் போட்ட வேகத்தில் கழற்றினான். "ஆமா, ரெண்டாத்தான் தெரியுது. ஏங்க, குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க போட்டுப் பாக்க மாட்டீங்களா?"

கெஸியா டீ ஆற்றுவதை நிறுத்தினார். "பாத்துட்டுத்தான குடுத்த, சசி?"

கணவன் கண்ணாடியைத் திருப்பி நீட்டினான். சசிதரன் எல்லோரும் பார்க்க, இடது உள்ளங்கையால் பார்வையுள்ள வலக்கண்ணை மூடிக்கொண்டு, அதை வாங்க வலக்கையை நீட்டினார். கை கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் மூட்டத்தைத் துழாவியது.