அங்குலத்துக்குத் தொண்ணூற்று நான்கு புள்ளி

எங்கள் அச்சகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முந்நூறு அண்ணன் என்றால்தான் தெரியும். அச்சுக்குப் போகிற படத்தில் ஓர் அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி இருக்க வேண்டும் என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. யாராவது கைப்பேசியில் வந்த குட்டிப் படத்தை நீட்டி, "இதையே பெருசாக்கி முழுப் பக்கத்துக்குப் போட்டுடுங்க" என்று சொன்னால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"தாராளமா பெருசாக்கலாம். ஆனா இல்லாத புள்ளிய நான் எங்கேருந்து கொண்டு வர்றது? கம்ப்யூட்டர் அக்கம்பக்கம் பாத்து குத்துமதிப்பா நிரப்பும். அப்புறம் உங்க மூஞ்சி ஊறிப்போன சோப்பு மாதிரி இருக்கும். பரவாயில்லையா?"

வந்தவர் வாயை மூடிக்கொண்டு ஒரிஜினலைத் தேடப் போவார்.

நான் அவருக்குப் பக்கத்து மேசை. பக்கங்களை அமைப்பது என் வேலை. பதினோரு வருஷமாக அவர் தயார் செய்து தருகிற படங்களைத்தான் நான் பக்கத்தில் வைக்கிறேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டால் படத்தில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் அறை முன்பு காகிதக் கட்டு அடுக்கி வைத்திருந்த இடம். நான்கு சுவரும் சாம்பல் நிறம். வேறு நிறம் அடித்தால் திரையில் தெரிகிற நிறத்தில் கண் ஏமாறும் என்று அவர்தான் சொன்னாராம். ஒரு ஜன்னல் இருந்திருக்கிறது. காலையில் பார்த்த சிவப்பு சாயங்காலம் வேறு சிவப்பாகத் தெரிகிறது என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே அதைச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னவரும் அவர்தான். வெளியே மழை கொட்டித் தீர்த்தாலும் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் எங்களுக்குத் தெரியும். எனக்கு மூச்சு முட்டும். நான் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் அந்தச் செங்கல் தடத்தைப் பார்த்துவிட்டு, "நான் பண்ணிக்கிட்ட வேலதாம்மா" என்பார்.

முதலாளி அவர் மனைவியின் அண்ணன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான ஆறாவது மாதம், இவர் வேலை பார்த்த அச்சகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். நடுத்தெருவில் நின்றவரை முதலாளி கூட்டிவந்து இங்கே உட்கார வைத்தார். தன் வீட்டு மாடியைக் குடியிருக்கக் கொடுத்தார். தங்கமான மனிதர். சிக்கலே அதுதான். கொடுமைக்காரராக இருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடலாம். தினமும் அச்சக மாடியில் இருக்கிற தன் அறையிலிருந்து இறங்கி வந்து "மாப்பிள்ள, சாப்டாச்சா?" என்று கேட்கிற ஆளிடம் எந்த வாயால் போகிறேன் என்று சொல்வது?

போக வேண்டிய காரணம் போன மாதம் வந்தது. பறவை, பூச்சி, செடி கொடி என்று படப் புத்தகங்களாகவே போடுகிற ஒரு பதிப்பகம், வேறு ஊர். இவர் வேலையை எங்கோ பார்த்திருக்கிறார்கள். படப் பிரிவை நீங்கள் வந்து கவனிக்க முடியுமா, இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் பதில் சொல்லுங்கள் என்று கடிதம். எனக்கு மட்டும் காட்டினார்.

"ஒரு வண்டோட கால்ல இருக்கற முடி கூட தெரியணுமாம்மா." அதைச் சொன்னபோது அவர் குரலே மாறியிருந்தது. "அங்க பெரிய பெரிய ஜன்னலாம். படம் பாக்கறதுக்குத் தனியா ஒரு இருட்டு ரூம் இருக்காம். பாத்துட்டு வெளிய வந்துடலாம்."

முதலாளியிடம் சொல்ல நான்கு முறை மாடி ஏறினார். முதல் முறை இவர் வாயைத் திறப்பதற்குள், "நீங்க மட்டும் இல்லேன்னா நான் சாமியாராத்தான் போகணும் மாப்பிள்ள" என்று அவர் முந்திக்கொண்டார். இரண்டாவது முறை அவர் கையில் ரத்த அழுத்த மாத்திரை இருந்ததாம். மூன்றாவது முறை சரியான நேரத்தில் இவருக்குத் தும்மல் வந்துவிட்டது. நான்காவது முறை போனவர் ஒரு திருமண அழைப்பிதழ் வேலையைத் தலையில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"நானாப் போறேன்னு சொல்ல வாய் வரலம்மா," என்றார். "அவரே போகச் சொல்லிட்டா?"

அப்போது நான் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக நினைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு கண் மருத்துவமனையின் இருபத்தைந்தாம் ஆண்டு மலர் வந்தது. முதலாளி தலையில் வைத்துக் கொண்டாடுகிற வாடிக்கையாளர். நடுப்பக்கம் இரண்டையும் சேர்த்து ஒரே படம்: தலைமை டாக்டர் முதல் தரை துடைக்கிறவர் வரை எண்பது பேர், நான்கு வரிசை. புகைப்படக்காரர் ஒரிஜினலை அனுப்பியிருந்தார். ஆறாயிரம் புள்ளி அகலம், அட்டகாசமான படம். அதற்கு முந்தின நாள் மாதிரி பார்க்க என்று கைப்பேசியில் ஒரு குட்டிப் படமும் அனுப்பியிருந்தார். அது ஆயிரத்து அறுநூறு புள்ளி.

அண்ணன் கொடுத்த படத்தை நடுப்பக்கத்தில் வைத்தேன். என் திரை ஓரத்தில் சிவப்பாக ஓர் எண் வந்தது. தொண்ணூற்று நான்கு. பதினேழு அங்குல அகலத்துக்கு அந்தக் குட்டிப் படம் அவ்வளவுதான் தாங்கும். பதினோரு வருஷத்தில் அவர் கொடுத்த படத்துக்கு அந்தச் சிவப்பு வந்து நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, நடுப்பக்கம்..."

"வைம்மா." அவர் என் பக்கம் திரும்பவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. ஒருமுறை பக்கத்தைத் தலைகீழாகக் கோத்த பைண்டரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர் எங்கள் முதலாளி. அந்தத் தண்டனைக்குத்தான் இவர் கழுத்தை நீட்டுகிறார். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. அவர் தப்பித்தால் நாளைக்கு எனக்கும் ஒரு வழி பிறக்கும் என்ற நப்பாசை. வைத்தேன். இரண்டாயிரம் பிரதி ஓடியது.

நடுப்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். முன்வரிசைக்கு ஏதோ கண் மூக்கு இருந்தது. கடைசி வரிசையில் எல்லாருக்கும் ஒரே முகம். அண்ணன் அதை மேசை மேல் வைத்துவிட்டு, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். மருத்துவமனை விழா முடிந்து இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள், வியாழக்கிழமை, முதலாளி இனிப்புப் பெட்டியோடு மாடியிலிருந்து ஓடி வந்தார்.

"மாப்பிள்ள, பெரிய டாக்டரே போன் பண்ணினார்! புத்தகத்த கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்காம். கண் டாக்டர் வாயால அந்த வார்த்தை! நடுப்பக்கத்த கண்ணாடி போட்டு மாட்டப் போறாங்களாம். இன்னும் ஐந்நூறு பிரதி வேணுமாம். அதே பைலையே ஓட்டிடுங்க, நாளைக்கு சாயங்காலம் மெஷின் ஏறணும்."

இனிப்பை அவர் வாயில் ஊட்டியே விட்டுப் போனார். அண்ணன் அதை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

"ஒருத்தர் கூட பாக்கலம்மா," என்றார். "எண்பது பேரும் அவங்கவங்க மூஞ்சியத் தேடித்தானே இருப்பாங்க? ஒருத்தர் கூட பாக்கல. அப்போ பதினெட்டு வருஷமா நான் யாருக்காக..." எனக்கு அழுகை வந்தது. அந்த டாக்டர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, இருபதாம் தேதி. மத்தியானம் அண்ணன் சாப்பாடு எடுத்துவர மறந்துவிட்டார் என்று அவர் மனைவி டிபன் கேரியரோடு வந்தார். மேசை மேல் கிடந்த மலரைச் சும்மா புரட்டியவர் நடுப்பக்கத்தில் நின்றார். பக்கத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இது நீங்க பண்ணினது இல்லையே?"

அண்ணன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பதினெட்டு வருஷம் உங்களோட குப்பை கொட்டியிருக்கேன். கல்யாண வீட்டுல போஸ்டர் மங்கலா இருந்தாலே பந்தியில உக்கார மாட்டீங்க. இது தெரியாம போயிருக்காது. வேணும்னே பண்ணினீங்களா?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். கடிதத்தை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா நின்றபடியே படித்து முடித்தார்.

"எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வாய் இல்லாமதான் எண்பது பேர் மூஞ்சியக் கெடுத்தீங்களா?" கடிதத்தை மேசை மேல் போட்டார். "நான் என்ன, வரமாட்டேன்னா சொல்லப் போறேன்? எந்திரிங்க. அண்ணன் மேலதான் இருக்கார். இப்பவே போய் சொல்லுங்க."

அண்ணன் எழுந்தார். நிஜமாகவே எழுந்தார். கதவு வரை போனார். அங்கே மெஷின்காரர் எதிரில் வந்து, "அண்ணே, மலர் மறுபதிப்புக்கு பழைய பிளேட்டே போதுமில்ல? நாலு மணிக்கு ஏத்திடறேன்," என்றார்.

அண்ணன் நின்றார். திரும்பி மேசைக்கு வந்தார்.

"நடுப்பக்கம் மட்டும் புது பிளேட். ஒரு மணி நேரம் குடுங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். "இத மட்டும் மாத்திட்டுப் போறேன்."

"மொதல்ல மேல போங்க."

"மெஷின் ஏறிடும்மா. ஒரு மணி நேரம்தான்."

அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடைத்த ஜன்னலைப் பார்த்தார். கேரியரை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் ஒரிஜினலைத் திறந்தார். நிறம் திருத்தினார், அளவுக்கு வெட்டினார், கூர்மை கூட்டினார். திருப்தி இல்லாமல் முதலிலிருந்து ஆரம்பித்தார். எண்பது முகத்தையும் தனித்தனியே பெரிதாக்கிப் பார்த்தார். நான்கு மணி ஆயிற்று, நாலரை ஆயிற்று. நான் கெஞ்சினேன். "அண்ணே, அந்தப் பதிப்பகத்துக்கு ஒரே ஒரு வரி. வர்றேன்னு. நான் டைப் பண்ணித் தர்றேன், நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க."

"இரும்மா. கடைசி வரிச கொஞ்சம் இருட்டா இருக்கு."

படம் புது அச்சுத் தகடாகி மெஷினுக்குப் போயிற்று. மெஷின் ஓடியது. முதல் தாளை அவரே ஈரத்தோடு தூக்கிவந்து விளக்கடியில் விரித்தார். சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் கடைசி வரிசையில் வைத்து, என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாரும்மா, அந்த மூலையில நிக்கற அம்மா. பேட்ஜுல பேரு கூட படிக்கலாம்."

குனிந்து பார்த்தேன். படிக்க முடிந்தது. மணி ஐந்தேகால்.