கரண்டு கேட்டு எழுதிய மனு

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகக் கூடலூர் போனேன். பஸ் ஸ்டாண்டில் மழை பிடித்துக்கொண்டது, கேட்க வேண்டுமா! ஒதுங்கிய கடையில் புதுத் தார்ப்பாய்ச் சுருளைப் பிரித்தார்கள். குப்பென்று அந்த வாசனை. உங்களுக்கு அது நாற்றமாக இருக்கலாம். எனக்கு அது முதல் வேலை, முதல் சம்பளம், அப்புறம் நான் செய்து வைத்த ஒரு காரியம்.

அப்பா அன்னூரிலிருந்து வந்து தேவாலாவில் மளிகைக் கடை போட்டவர். பன்னிரண்டாவது முடித்து, டைப்ரைட்டிங் லோயரும் பாஸ் பண்ணிவிட்டு, கலெக்டர் ஆகாத குறையாக நான் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது பரமேஸ்வரி அக்கா வேலைக்குக் கூப்பிட்டாள். எட்டு வயதில் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவள். எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டே, பறிக்கிறவர்கள் மழைக்கு இடுப்பில் சுற்றும் தார்ப்பாய்ப் படங்கைத் தானே தைத்து விற்க ஆரம்பித்தாள். ஒரு கால் மிஷின் மூன்றாகி, மூன்று ஆறாகி, வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகையும் போட்டுவிட்டாள். தைக்க ஆறு பெண்கள். பில் எழுத, லெட்டர் எழுத நான். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் வெட்டினால் ஒரு விரல் அகலத் துண்டுகூட வீணாகாது.

அந்தச் சத்தம் இருக்கிறதே! ஆறு மிஷின், தகரத்தில் மழை, இத்தனைக்கும் மேலே கத்திக் கத்திப் பேசுகிற ஊர்க்கதை. நான் தாமதமாக வந்தால், "புள்ளைக்கு இன்னிக்கு அரைப்பேருதான்" என்பாள் அக்கா. அரைநாள் வேலைக்குச் சிலோன் தோட்டத்துப் பேச்சு அது. சொல்லுவாளே தவிர, யாருக்கும் அரைப்பேர் போட்டதில்லை.

ஒரு வருஷம் பெரிய எஸ்டேட் ஒன்று, மழைக்கு முன்னால் முந்நூறு படங்கு கேட்டது. கால் வீங்க வீங்க மிதித்தும் பாதிதான் ஆயிற்று. மீதியைக் கோயம்புத்தூரில் வாங்கிக்கொண்டார்கள்.

"அடுத்த வருசம் கரண்டு மிசின் போடுங்க. மொத்த ஆர்டரும் உங்களுக்குத்தான்" என்றார் வந்த சூப்பர்வைசர்.

கரண்டுக்கு எங்கே போவது? அந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளைப் போல அக்கா வீட்டுக்கும் பட்டா இல்லை. பட்டா இல்லாவிட்டால் கரண்டும் இல்லை.

"நல்லா ஒரு மனு எழுது புள்ள. படிச்சா அவங்களுக்கு மனசு எளகணும்" என்றாள் அக்கா.

"ஏனுங்கக்கா, நான் எழுதி எளகாம இருக்குமா?" என்றேன். பள்ளிக்கூடத்துக் கட்டுரைப் போட்டியில் டிபன் பாக்ஸ் வாங்கிய திமிர். மூன்று பக்கம் எழுதினேன். ‘பட்டா இல்லாத இந்நிலத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருந்து, கொட்டகை எழுப்பி, அறுவருக்குத் தொழில் கொடுத்து வருகிறேன்’ என்ற வரியை இரண்டு தடவை வாசித்து நானே பூரித்துப் போனேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைநாட்டு வைத்தாள்.

மனு எந்தெந்த மேசைக்குப் போனதோ, கரண்டு வரவில்லை. கொட்டகையைப் பிரிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது. காரணம் என்ன தெரியுமா? ‘பட்டா இல்லாத நிலத்தில் கொட்டகை எழுப்பியதை மனுதாரரே ஒப்புக்கொண்டிருப்பதால்.’ என் வரி!

அக்கா வாசிக்கச் சொன்னாள். அந்த ஒரு வரியை விழுங்கிவிட்டு மற்றதை வாசித்தேன். பாவி நான்.

"விடு புள்ள. நீ நல்லாத்தான் எழுதின. நம்ம நேரம்" என்றாள்.

கல்யாணம் முடிந்ததும் தேவாலா போய்ப் பார்த்தேன். கொட்டகை இருந்த இடம் தெரியாமல் புதர் மண்டிக் கிடக்கிறது. தைத்த ஆறு பேரில் ஒருத்தியும் ஊரில் இல்லை. படங்கெல்லாம் இப்போது வெளியூரிலிருந்து கட்டுக்கட்டாக வருகிறது. கொட்டகையைப் பிரித்ததும் அக்கா தன் மகளோடு திருப்பூர் போய், யாருடைய கம்பெனியிலோ கரண்டு மிஷினில் தைத்தாள். தீபாவளிக்குத் தீபாவளி எனக்குப் போன் பண்ணுவாள்.

"நம்ம பக்கம் பட்டா குடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டா சொல்லு புள்ள, வந்துர்றேன். மனு மட்டும் நீதான் எழுதணும்" என்றாள், கடைசியாகப் பேசியபோது.

"சரிங்கக்கா" என்றேன்.

அடுத்த தீபாவளிக்கும் போன் வந்தது. பேசியது மகள். அக்கா இறந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. அந்த வரியைப் பற்றி நான் அவளிடம் சொல்லவே இல்லை.