பர்மாத் தேக்கில் ஊறிய அமெரிக்க விஸ்கி

என் வீட்டுக்காரர் தச்சு வேலை பார்த்தவர். உளி பிடித்தால் அவர் கை நடுங்காது. மற்ற நேரமெல்லாம் நடுங்கும். எழுபத்தொன்றில் காரைக்குடியில் சாராயக்கடை திறந்த நாளிலிருந்து கூலியும் அவரும் அங்கேயே கரைந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு வடித்துப் போட்டுவிட்டு, வீட்டிலும் வடித்துவிட்டு, அவரையும் தெருவிலிருந்து தூக்கி வர வேண்டும். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

வருஷத்தில் மாரியம்மன் திருவிழா நாட்கள்தான் எனக்கு நிம்மதி. கையில் காப்புக் கட்டிவிட்டால், அவிழ்க்கிற வரைக்கும் ஒரு சொட்டுத் தொடமாட்டார். அதில் மட்டும் மனுஷன் சத்தியவான்.

ஒருமுறை, கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் வீட்டில் அலமாரி செய்து கொடுத்தார். அந்தக் கப்பல்காரர் சந்தோஷத்தில் இவருக்கு அமெரிக்க விஸ்கி ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தாராம்.

"மக்காச்சோளத்துல காய்ச்சுறாக புள்ள. காய்ச்சயில பச்சத்தண்ணி மாதிரிதான் இருக்குமாம். ஓக்குனு ஒரு மரத்துல பீப்பாய் செஞ்சு, உள்பக்கத்தத் தீயில கருக்கி, அதுல நாலு வருஷம் ஊறப்போடுறாக. நெறமும் மணமும் மரம் குடுக்குறது! தேன் தொட்ட மாதிரி நாக்குலயே நின்னுச்சு. நானும் ஒரு பீப்பாய் செய்யப்போறேன்."

"ஓக்குக்கு எங்கிட்டுப் போவீக?"

"பர்மாத் தேக்க மிஞ்சின மரம் ஒலகத்துல இருக்கா?"

இடித்த வீடொன்றின் தேக்குப் பலகையில் பீப்பாய் செய்தார். உள்ளே வைக்கோல் கொளுத்திக் கருக்கினார். கடைச் சாராயத்தை நிரப்பி மூடியை அறைந்து, மஞ்சள் துணியில் பீப்பாய்க்கு ஒரு காப்பு, தன் கைக்கு ஒரு காப்பு கட்டிக்கொண்டார். இது பழுக்கிற வரைக்கும் வேறெதையும் தொடுவதில்லை என்றார். நாலு வருஷம்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் அடுத்த கோடையில் பீப்பாயைத் தட்டினேன். பாதிக்கு மேல் வெறும் சத்தம். நம்மூர் வெயில் குடித்துவிட்டது. அவருக்குத் தெரிந்தால் அன்றைக்கே காப்பை அவிழ்த்துவிடுவார். அவர் வேலைக்குப் போனதும் மூடியைத் தளர்த்திக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். இருக்கிற வேலை போதாதென்று, அதன்பின் மாதாமாதம் அதுவும் ஒரு வேலை.

எழுபத்து நாலில் மறுபடி மதுவிலக்கு வந்தது. போலீஸ் வந்துவிடுமென்று அவர் பயந்தார். நான் பயப்படவில்லை. கள்ளச்சாராயம் ஊருக்குள் வந்ததற்குத்தான் பயந்தேன்.

நாலு வருஷம் முடிந்த அன்று குளித்துவிட்டு வந்து காப்பை அவிழ்த்தார். பீப்பாய் மூடியைத் திறந்து டம்ளரில் மொண்டார். டீத்தண்ணீர் நிறம். முகர்ந்து பார்த்து ஒரு வாய் குடித்தார். தேக்கின் கசப்பையும் கிணற்றுத் தண்ணீரையும் தவிர அதில் என்ன இருந்திருக்கும்? நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளரை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் நாலு வருஷம் கெடக்கட்டும் புள்ள."

மூடியை இறுக அறைந்தார். புது மஞ்சள் துணியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினார். இரண்டு முடிச்சாகப் போட்டேன்.