அடித்தொண்டை வண்டி

திரேஸ்புரத்தில் அமலோற்பவத்தின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒன்று அவள் வளர்த்த ஆடு, இன்னொன்று அவள் புருஷன் கஸ்பார். ஆட்டுக்கு அறிவு கிடையாது. கஸ்பாருக்கோ அவள் ஏச்சு காதில் விழுந்தால்தான் சோறு இறங்கும். உலையில் அரிசி விழுவதற்கு முன்னாலேயே அவள் வாயிலிருந்து ஏச்சு விழுந்துவிடும். "கடல்ல கெடந்து ஊறுன மண்டைக்கு மூளை எங்கன இருந்து வரும்?" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே மீனை ஆய்ந்து கொடுப்பான். தெருவே காதைப் பொத்திக்கொள்ளும் அந்தக் குரல்தான் அவனுக்கு வீடு, வாசல் எல்லாம்.

அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக அவன் காதை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதுதான் கொடுமை.

கஸ்பார் இளவயதில் சங்கு குளித்தவன். கல்லைப் பிடித்துக்கொண்டு அடிக்கடலுக்கு இறங்கும்போது காதுக்குள் முள் ஏறுவதுபோல வலிக்கும். ஒருநாள் படக்கென்று உள்ளே ஏதோ கிழிந்து ரத்தம் வரும். அதற்கு யாரும் மருந்து தேடமாட்டார்கள். கருப்பட்டிக் காப்பி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடுவார்கள். காதில் ரத்தம் பார்க்காதவன் குளியாளே இல்லையாம்! நல்ல கொண்டாட்டம், போங்கள். பிறகு அவன் குளிப்பை விட்டுவிட்டு, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குச் சரக்குத் தோணிகளை இழுத்துப் போகும் லாஞ்சில் இன்ஜின் டிரைவர் ஆனான். கிழிந்த காதோடு இன்ஜின் இரைச்சலும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்? முதலில் மெல்லிய சத்தங்கள் போயின. குருவிச் சத்தம் போயிற்று, கடுகு வெடிப்பது போயிற்று, பிறகு கோயில் மணியும் போயிற்று. கடைசியில் மேலே சுக்கான் பிடிக்கும் சுக்கானி, இன்ஜினை நிறுத்தச் சொல்லி அடிக்கும் மணியும் கேட்காமல் லாஞ்சைக் கொண்டுபோய்த் தோணியில் முட்டினான். அன்றோடு வேலையும் போயிற்று.

அப்போது ஜப்பான்காரன் சண்டை முடிந்து, பட்டாளம் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். கஸ்பார் துருப்பிடித்த மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"வேலையில்லாத மனுசனுக்கு வண்டி ஒரு கேடா?" என்று அமலோற்பவம் கத்தினாள். அவனுக்குப் பாதிதான் கேட்டது. ஊரும் அதையேதான் சொல்லிற்று.

ஆனால் அவன் ஜம்பத்துக்காக அதை வாங்கவில்லை. சங்கு குளிக்கும் காலத்தில் காது அடைத்துக்கொண்டால், குளியாட்கள் தங்களைக் கரைக்குக் கொண்டுவரும் லாஞ்சின் புகைக்குழாய்ப் பக்கத்தில் போய் உட்காருவார்கள். அந்தத் தும் தும் சத்தம் அடிவயிறு வரை இறங்கும். கரைக்கு வருவதற்குள் காது டப்பென்று திறந்துகொள்ளும். இப்போதும் தன் காதை அடைத்துக்கொண்டிருப்பது பழைய கடல்தண்ணீர்தான், தடித்த சத்தம் கொடுத்தால் திறந்துவிடும் என்று கஸ்பார் நம்பினான். லாஞ்சில் இனி ஏற விடமாட்டார்கள். அதனால் வீட்டுக்கே ஒரு லாஞ்சைக் கொண்டுவரப் பார்த்தான், பாவம்.

டாக்டர் ஒருவர் அமலோற்பவத்திடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: சத்தம்தான் காது நரம்பைத் தின்கிறது, இரைச்சலை விட்டு விலகியிருந்தால் மிச்சமிருப்பதாவது தங்கும்.

அவள் அதைக் கையாலும் வாயாலும் விளக்கிச் சொன்னபோது, "அந்த டாக்டரு எந்தக் கடல்ல குளிச்சாராம்?" என்று கேட்டான் கஸ்பார்.

வீட்டுப் பின்புறத்தில் வேலை தொடங்கிற்று. முதலில் சைலன்ஸரைப் பிளந்து, உள்ளே சத்தத்தை அமுக்கும் தகடுகளை உளியால் பெயர்த்து எறிந்தான். வண்டியின் குரல் தடித்தது. குழாய் வாயருகே காதை வைத்துக் குந்தியிருந்துவிட்டு எழுந்தவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "ஏளா, தொறக்குது! உள்ளுக்குள்ள என்னமோ அசையுது!" என்று குதித்தான். நாலு நாள் சந்தோஷம். பிறகு அந்தச் சத்தமும் மெலிந்துவிட்டதாகத் தோன்றிற்று. பத்தவில்லை என்று இன்னும் அகலமான குழாயைப் பற்றவைத்து, மூட்டில் சூடு தாங்கும் கல்நார்க் கயிற்றை நனைத்துச் சுற்றினான். அதுவும் மெலிந்தது. மெலிந்தது குழாயா, காதா? அதை அவன் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பக்கத்துக் கடை செந்தூர்பாண்டி அண்ணாச்சி வந்து முறையிட்டார். "ஏலே கஸ்பாரு, கடையில சர்பத்து பாட்டிலெல்லாம் ஆடுதுலே! நாங்க குடியிருக்கவா வேண்டாமா?"

கஸ்பார் அவர் வாயைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அரத்தைக் கையில் எடுத்தான்.

அமலோற்பவம் குழாயை ஒருநாள் கிணற்றில் போட்டாள். முங்கி எடுக்க அவனுக்கா தெரியாது? அத்தோடு அவளுக்கு அலுத்துவிட்டது. சாப்பிட வா என்பதற்குக் கை, தண்ணீர் என்பதற்குச் செம்பு. வாயைத் திறப்பதே இல்லை. கேட்காத காதில் கத்தித் தொண்டையைக் கிழித்துக்கொள்வதில் என்ன பலன்?

"ஏளா, ஏன் இப்பல்லாம் என்னைய ஏச மாட்டேங்குத?" என்று ஒருநாள் கேட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளே அவன் துறைமுகத்துக்குப் போய், உடைத்துப்போட்ட லாஞ்சின் புகைக்குழாயையே தோளில் சுமந்து வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் நேரத்தில் அதை வண்டியில் மாட்டி மிதித்தான். அம்மாடி! ஓடுகள் அதிர்ந்தன. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிற்று. அண்ணாச்சி கடையில் பாட்டில் விழுந்து உடைந்தது. லாஞ்சுதான் கரையேறித் தெருவுக்குள் வந்துவிட்டதோ என்று ஜனங்கள் திகைத்து நின்றார்கள். அவன் இத்தனை மாதமாகத் தேடிய சத்தம், அதே அடித்தொண்டை, அதே தும் தும்.

கஸ்பார் குழாயோடு காதை ஒட்டிக் குந்தியிருந்தான். புகை முகத்தில் அடித்தது. எழுந்து போய்க் கைப்பிடியை இன்னும் முறுக்கினான், திரும்பி வந்து குந்தினான். மறு காதை வைத்துப் பார்த்தான். பிறகு பெட்ரோல் டாங்கின் மேல் உள்ளங்கையை வைத்தபடி பெண்டாட்டியை நிமிர்ந்து பார்த்தான்.

"ஏளா, கைக்கு அதிருது. வண்டி ஓடத்தான செய்யுது?"

அமலோற்பவம், ஓடுகிறது என்று தலையாட்டினாள். ஓடிப்போய் இன்ஜினை நிறுத்தினாள். தெரு அமைதியாயிற்று. அவனுக்கு மட்டும் முன்னும் பின்னும் ஒன்றாகவே இருந்தது.

அப்போதுதான் அவள் வாய் திறந்தது. "பாவி மனுசா! இருந்த மிச்சத்தையும் தொலைச்சிட்டீரே! டாக்டரு சொன்னாரே, நான் கிணத்துல போட்டேனே, கேட்டீரா? கட்டையில போற மண்டையில ஒரு துளி புத்தி உண்டா? இனி நான் யாரைத்தான் ஏசுவேன்?" அடக்கி வைத்திருந்த ஏச்சையெல்லாம் அவன் முகத்துக்கு நேரே கொட்டினாள். கஸ்பார் அவள் உதடுகளைப் பார்த்தான். வழக்கமாகச் சிரிக்கும் இடம் இதுவாக இருக்கும் என்று நினைத்துச் சிரித்தான். அது சிரிக்கும் இடம் இல்லை.

மெல்ல எழுந்து வந்து, டாங்கின் மேல் வைத்திருந்த கையை அவள் தொண்டையில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

உள்ளங்கை அதிர்ந்தது. அதற்குள் ஏச்சு நின்று அவள் அழத் தொடங்கியிருந்தாள். கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

"ஏசுளா," என்றான் கஸ்பார். "நிறுத்தாத."