தனுஷ்கோடியில் நின்ற சேலை

அக்கா கொழும்பிலிருந்து வருகிறாள் என்று கடிதம் வந்தால், அவள் உடம்பு எப்படி இருக்கிறது, பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்றெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் முதலில் கேட்பதில்லை. கஸ்டம்ஸ்காரன் எதை விடுவான், எதைப் பிடிப்பான் என்பதுதான் பேச்சு. தென்காசியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குக் கொழும்பில் கடை இருந்தது, அல்லது கடையில் வேலை பார்க்கும் ஆள் இருந்தார். அதனால் தனுஷ்கோடியைக் கண்ணால் பார்க்காத பெண்கள்கூட அந்தத் துறைமுகத்துச் சட்டதிட்டங்களை ஜாதகம் பார்ப்பவர்கள் மாதிரி அலசுவார்கள்.

உடுத்திப் பழகிய துணிக்கு வரி கிடையாது. புதுத்துணி என்றால் வரி உண்டு. கழுத்திலும் கையிலும் கிடக்கிற நகையைப் பாஸ்போர்ட்டில் எழுதிக்கொள்வான். திரும்பிப் போகும்போது அதே நகை அதே கழுத்தில் இருக்க வேண்டும். ரேடியோவும் அப்படித்தான். கொண்டுவரலாம், ஒரு மாதம் பாட்டுக் கேட்கலாம், பிறந்த வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. இந்திய ரூபாயும் கையில் அதிகம் வைத்திருக்கக் கூடாது. அத்தான் குடும்பம் இலங்கைப் பிரஜை ஆகிவிட்டதால் அக்காவுக்கு விசா வேறு வேண்டும். தென்காசியில் பிறந்து, குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவள், என்ன காரணத்துக்காக வருகிறாய் என்ற கேள்விக்கு ஊர் சுற்றிப் பார்க்க என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவாள்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சாரல் காலத்தில் அவள் வந்ததைத்தான் சொல்ல வருகிறேன். அதற்கு முந்தின வருஷம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். எங்கள் மைனி வீரகேரளம்புதூர்க்காரி. நல்ல நிறம், நல்ல முடி, மெல்லிய குரல். வந்து ஒரு வருஷத்தில் அம்மாவின் கொத்துச்சாவி அவள் இடுப்புக்குப் போய்விட்டது. நான் வைத்த குழம்பில் உப்புக் கூடினால் 'உனக்கு எப்பவும் கைக்கணக்கு தெரியாது' என்பாள் அம்மா. மைனி வைத்ததில் கூடினால் உப்பே சரியில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் அக்கா ஒருத்தி எனக்கு இருக்கிறாள் என்ற தைரியம் இருந்தது. நான் பிறந்தபோது அவள் பாவாடை கட்டிய சிறுமி. அம்மாவைவிட அவள் இடுப்பில்தான் நான் அதிகம் இருந்திருக்கிறேன். அவளுக்குக் கல்யாணமாகிக் கப்பலேறும்வரை அவள் பாயில்தான் என் படுக்கை. மைனி அம்மாவை எடுத்துக்கொள்ளட்டும், அண்ணனை எடுத்துக்கொள்ளட்டும், அக்காவிடம் அவள் பருப்பு வேகாது என்று நினைத்தேன்.

அக்கா எழுதியிருந்தாள்: இரண்டு நைலான் சேலை வாங்கியிருக்கிறேன், ஜப்பான் சரக்கு, நீலம் உனக்கு, ரோஸ் தம்பி பெண்டாட்டிக்கு. அம்மாவுக்கும் சித்திக்கும் மெல்லிசான வாயில் துணிச் சேலை. நைலான் என்றால் அப்போது சும்மா இல்லை. தென்காசியில் அதைக் கட்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் உடனே பதில் எழுதினேன். நாலு சேலையிலும் ஒட்டியிருக்கிற காகிதத்தைக் கிழித்துப் போடு, ஒரு தரம் உடுத்தித் துவை, கசக்கி அழுக்குத்துணியோடு சுருட்டி வை. கஸ்டம்ஸை ஏமாற்ற அக்காவுக்கே யோசனை சொன்ன பெருமையில் நான் நாலு நாள் தரையில் நடக்கவில்லை.

அவள் வந்த அன்று மதியம் ஸ்டேஷனிலிருந்து இரண்டு குதிரைவண்டி வந்தது. பிள்ளைகள், பெட்டி, படுக்கை, பிஸ்கட் டின். வீடு நிறைந்துவிட்டது. குளித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டபிறகு அக்கா பெட்டியைத் திறந்தாள். நான் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுக்குத்துணிக்கு நடுவிலிருந்து ஒரே ஒரு சேலையை உருவினாள். நீலம். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. என் கை தானாக நீண்டது.

அக்கா என் கையைத் தாண்டி அதை மைனியின் மடியில் வைத்தாள்.

"மத்ததுலாம் அங்கன நின்னுபோச்சுட்டி," என்றாள் என்னைப் பார்த்து, சிரித்துக்கொண்டே.

நடந்தது இதுதான். நான் எழுதியபடியே அவள் நாலு சேலையையும் உடுத்தி, துவைத்து, கசக்கியிருக்கிறாள். ஆனால் புறப்படுவதற்கு முன்னால் பெட்டி அடுக்கும்போது மனசு கேட்கவில்லை. பிறந்த வீட்டுக்குக் கொடுக்கப் போகிற சேலையை வெறுமனே எப்படிக் கொண்டுபோவது? மஞ்சளைக் குழைத்து நாலு சேலைக்கும் மூலையில் தொட்டு வைத்திருக்கிறாள்.

"கஸ்டம்ஸ்காரன் நம்ம பக்கத்து ஆளு போல," என்று அக்கா கதையாகச் சொன்னாள். "மொதல்ல பழசுன்னுதான் தள்ளி வச்சான். பொறவு ஒண்ண எடுத்து மூலைய இழுத்துப் பாக்கான். இன்னொண்ண இழுக்கான். 'பழஞ்சேலைக்கு எதுக்கும்மா மூலைக்கு மூலை புது மஞ்சள் வச்சிருக்கீங்க'ன்னு கேக்கான். நான் என்னத்தச் சொல்ல? அவன் வீட்லயும் அப்படித்தான வைப்பாவ!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த அதிகாரி கொஞ்சம் இரக்கப்பட்டு, ஒன்றை அன்பளிப்பு என்று விட்டுவிடுகிறேன், மற்றதற்கு வரி கட்டுங்கள், இல்லையென்றால் இங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போகையில் சீட்டைக் காட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். வரி கட்டக் கையில் நம்மூர் ரூபாய் இல்லை. அக்கா ஒன்றை எடுத்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீலம் எனக்குன்னு எழுதியிருந்தியே," என்றேன்.

மைனியின் முகம் சுருங்கிவிட்டது. சேலையை மடியிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்துத் திரும்ப மடியில் வைத்துவிட்டு, என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"கிறுக்கு மாதிரிப் பேசாதட்டி. அவ இன்னொரு வீட்லருந்து வந்த பிள்ள. ரெண்டுல நல்லதா பாத்து அவளுக்குக் குடுக்கலன்னா மனசுல வச்சுக்கிடுவா. நீ நம்ம பிள்ளைதான, ஒனக்கு என்ன?"

எனக்கு என்னவா? எனக்கு எல்லாம்தான். நம்ம பிள்ளை என்று சொல்லி என் தலையைத் தடவினாளே, அந்தக் கையைத் தட்டிவிட்டேன். நம்ம பிள்ளை என்றால் உள்ளதில் கழித்ததைத் தின்னவேண்டும், கேட்டால் கிறுக்கு. வந்த பிள்ளை என்றால் ஜப்பான் நைலான். இது எந்த ஊர்ச் சட்டம் என்று கேட்டேன். அக்கா சிரித்தாள். அவள் சிரித்தது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அந்த வாரமே ஐந்தருவிக்குப் போனோம். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. மைனி பழைய சுங்குடிச் சேலையோடு அருவியில் நின்றுவிட்டு, ஈரம் மாற்றி அந்த நீலத்தை உடுத்திக்கொண்டு வந்தாள். காற்று ஒரு வீச்சு வீசியது. அந்தச் சேலை அவள் சொன்னபடி கேட்கவில்லை. முன்னால் பறந்தது, பின்னால் பறந்தது. குளித்துக்கொண்டிருந்த பெண்கள் குளிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மங்குஸ்தான் விற்கிற ஆச்சி ஒருத்தி கூடையை விட்டு எழுந்து வந்து முந்தானையைத் தடவிப் பார்த்தாள்.

"கொழும்புச் சீலையாம்மா? யாரு எடுத்துக் குடுத்தா?"

"எங்க வீட்டுக்காரரோட அக்கா," என்றாள் மைனி, வெட்கப்பட்டுக்கொண்டு.

நான் எல்லோருடைய ஈரத்துணியையும் வாளியில் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். ஆச்சி என்னைப் பார்த்து, "வேலைக்கு வந்த பிள்ளையா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

ஒரு மாதம் அப்படியே போயிற்று. என் ரோஸ் சேலை தனுஷ்கோடியில் சர்க்கார் கொட்டகையில் கடல்காற்று வாங்கிக்கொண்டிருந்தது. ரோஸ்தான் இனி என்னுடையது என்று எனக்கு நானே ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா திரும்பும்போது சீட்டைக் காட்டி அதை எடுத்தாள். ஆனால் எங்கள் பக்கம் அனுப்ப வழியில்லை, கப்பல் அந்தப் பக்கம்தானே போகிறது. கொழும்பு போய்ச் சேர்ந்து கடிதம் போட்டாள். உன் சேலையை உன் ஞாபகமாக நானே கட்டிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாள். என் ஞாபகம் அவளுக்கு அவ்வளவு மலிவாகக் கிடைத்துவிட்டது. நான் பதில் எழுதவில்லை. அம்மா எழுதும்போது, இவளும் நலம் என்று சேர்த்துக்கொண்டாள்.

அடுத்து அக்கா வருவதற்குள் சில வருஷங்கள் ஓடிவிட்டன. எனக்குக் கல்யாணமாகி வாசுதேவநல்லூர் போய்விட்டேன். வயலும் வரப்புமான குடும்பம். மாமியார் நல்லவள்தான், ஆனால் கண் மட்டும் கொஞ்சம் நீளம். ஊரில் யார் வீட்டு மருமகளுக்கு எங்கிருந்து என்ன வந்தது என்று அவளுக்குத் தெரியாமல் இராது. கொழும்பில் அக்கா இருக்கிறாள் என்று பேர்தான், என்ன கண்டோம் என்று ஜாடையாகச் சொல்வாள். அக்கா வந்திருக்கிறாள் என்று ஆள் சொல்லி அனுப்பியதும் நான் பஸ் பிடித்துத் தென்காசிக்கு வந்தேன். இந்தத் தடவை என்னை முதலில் பார்க்காமல் அவள் தப்ப முடியாது என்ற வைராக்கியத்தோடு வந்தேன் என்பதை மறைப்பானேன்?

அதற்குள் கொழும்பிலேயே வெளிநாட்டுத் துணி வருவது நின்றுபோயிருந்தது. இந்தப் பக்கம் கஸ்டம்ஸிலும் கெடுபிடி கூடியிருந்தது. பெண்களைத் தனியறையில் சோதிக்க ஒரு பெண்ணையே வைத்திருந்தார்களாம். எங்கோ சொல்லிவைத்து அக்கா ஒரே ஒரு நைலான் சேலை வாங்கி, அதை உடுத்தி, அதன்மேல் தன்னுடைய சேலையை உடுத்திக்கொண்டு ரயிலிலும் கப்பலிலுமாக வந்திருக்கிறாள். அவ்வளவு வெக்கையில், இரவு முழுக்க. சோதிக்கிற பெண் இடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'நல்ல வேளை, பூசினாற்போல உடம்பு' என்று ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாளாம்.

அந்தச் சேலை எனக்குத்தான்.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு சீப்பு வாழைப்பழம், நடுவில் அந்தச் சேலை. வெந்தய நிறம், ஓரத்தில் பச்சைக் கொடி. அம்மா என்னைக் கிழக்கே பார்க்க நிற்கச் சொன்னாள். அக்கா இரண்டு கையாலும் தட்டை நீட்டினாள்.

"வாசுதேவநல்லூர்ல ஒம் மாமியாருக்கு முன்னால இத உடுத்திக்கிட்டு நிக்கணும், என்ன? பொறந்த வீட்ல ஒண்ணும் செய்யலன்னு ஒரு சொல்லு வந்துரக் கூடாதுல்லா."

நான் வாங்கிக்கொண்டேன். நான் எத்தனையோ நாள் ஆசைப்பட்டது. எடை தெரியாத சேலை, ஊரில் வேறு யாருக்கும் கிடைக்காதது, எனக்கென்று உடம்பில் சுற்றிக் கடல் தாண்டி வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு நிமிஷம்.

அக்கா அப்படியே திரும்பி மைனியைப் பார்த்து, "ஏட்டி, ஒனக்கு ஒரு மண்ணும் கொண்டாரல," என்றாள். என்னை ஒரு காலத்தில் கூப்பிட்ட அதே குரலில்.

"எனக்கு என்னத்துக்கு? இந்தத் தலைய மொதல்ல பாருங்க, பிடுங்கித் திங்குது," என்று மைனி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். அக்கா காலை அகட்டி அவளை நடுவில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, குனிந்து பேன் பார்க்க ஆரம்பித்தாள். ஒன்றை எடுத்து நகத்தில் நசுக்கிக்கொண்டு, தலை வாராமல் என்ன செய்கிறாய் என்று அவள் பிடரியில் ஒரு அடி வைத்தாள். மைனி வலிக்கிறது என்று கத்தினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்த இரண்டு முழங்காலுக்கு நடுவில்தான் நான் வளர்ந்தேன். அந்தக் கை என் பிடரியில் விழுந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று நினைத்தபோது, வயிறு எரிந்தது எரிந்ததுதான். நீலச் சேலைக்குக்கூட நான் அப்படி எரியவில்லை.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். நான் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"ஏன் நிக்க?" என்றாள். "அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரு. சீலை கசங்கிராம."