பெல்லோஷிப்புக்காக நான் செய்த ஜெபமும் அதற்கு வந்த போனும்

ஆண்டவருக்குள் எனக்கு அருமையானவர்களே, துடியலூர் எஸ்தர் எழுதுகிறேன். நான் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. நம் சபையில் எல்லோருக்கும் இது தெரியும். காரமடையில் இருக்கும் என் அப்பாவை, பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவன் போனிலேயே ஏமாற்றினான். தம்பி கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அத்தனையும் போய்விட்டது. அதன்பிறகு போன் மணி அடித்தாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அன்றிலிருந்து புது எண் என்றாலே எனக்குத் திருடன்தான். சபையில் யாருக்கு ஒரு மெசேஜ் வந்தாலும் என்னிடம் காட்டுவார்கள். "எஸ்தரு, இதத் தொடலாமா கண்ணு?" என்பார்கள். தொடாதீர்கள் என்பேன். பாதி நேரம் படிக்காமலேயே சொல்லிவிடுவேன்.

நான் யுனிவர்சிட்டியில் பிஎச்.டி. செய்கிறேன். தென்னை ஓலைக்கு அடியில் வெள்ளை ஈ கூட்டமாக அப்பி மரத்தை வாட்டி எடுக்கிறதே, அதுதான் என் ஆராய்ச்சி. ஒரு புராஜெக்ட்டில் சம்பளம் வந்துகொண்டிருந்தது. போன மார்ச்சில் புராஜெக்ட் முடிந்தது, சம்பளமும் நின்றது. ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு வருடம் வேண்டும். என் கணவர் டேனியல் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்கும் ஆர்டர் குறைந்த நேரம் அது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஜூலை வரைக்கும் பாக்கலாம் எஸ்தரு. அப்பறம் அந்த ஸ்கூல் வேலைக்கே போயிரு. எனக்கும் சொல்றதுக்குச் சங்கடமாத்தான் இருக்குது."

மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் வைத்திருந்தார்கள். போனால் ஆராய்ச்சி அவ்வளவுதான். நாலு வருடம் வெயிலில் ஏணி போட்டு ஏறி இறங்கியதெல்லாம் வீண். பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதேன்.

ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. சிறந்த ஆராய்ச்சி மாணவர்களுக்கு யுனிவர்சிட்டியே மாத உதவித்தொகையோடு ஒரு பெல்லோஷிப் கொடுக்கிறது. எங்கள் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரே ஒரு இடம். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர்தான் என் கைடு. அவர் என்னை அவசரமாகக் கூப்பிட்டு, "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா, இன்னிக்கிக் கடைசி நாள்" என்றார். போட்டேன். அன்று சாயந்தரமே அவர் நவீன் என்கிற இன்னொரு மாணவனோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதைப் பார்த்தேன். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது. இடம் நவீனுக்கு. கணக்குக் காட்ட என் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். எங்களை மாதிரி சிபாரிசு இல்லாத ஆட்களுக்கு யார் தூக்கிக் கொடுக்கப் போகிறார்கள்? அதன்பிறகு நான் கைடிடம் எதையும் கேட்கவில்லை.

ஆனாலும் ஜெபித்தேன். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன். அந்த ஜெபம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "ஆண்டவரே, இது யாருக்கென்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது, எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்." தினமும் இப்படித்தான். சொல்லப்போனால் ஆண்டவர் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது.

ஜூலை கடைசியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. புது எண், அதுவும் மொபைல் எண். ஒரு அம்மாள் பேசினார்.

"ஏனுங்க, எஸ்தருங்களா? யுனிவர்சிட்டி ஆபீஸ்ல இருந்து பேசறனுங்க. நெம்ப சந்தோசமான விசயமுங்க. உங்களுக்குப் பெல்லோஷிப் கெடச்சிருக்குதுங்க."

ஆபீஸ்காரர்கள் இத்தனை மரியாதையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அங்கேயே எனக்குச் சுருக்கென்றது.

"ஆபீஸ் நம்பர்ல இருந்து ஏன் கூப்பிடல?"

"அது ரிப்பேருங்க. இது என்ற சொந்தப் போனு. உங்க பொறந்த தேதி மட்டும் சித்த சொல்லுங்க அம்மணி, சரிபாத்துக்கறேன். புதன்கிழமை ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டோட நேர்ல வரோணும். வர்றீங்களா இல்லியான்னு இன்னிக்கி அஞ்சு மணிக்குள்ள சொல்லிப்போடுங்க. இல்லீன்னா அடுத்த ஆளுக்குப் போயிருமுங்க."

பிறந்த தேதி. அவசரம். இல்லையென்றால் போய்விடும் என்கிற பயமுறுத்தல். அப்பாவிடம் பேசியவனும் இதே மாதிரிதான் பேசினான். எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது.

"ஏனுங்க, ஊர ஏமாத்திப் பொழைக்கறதுக்கு உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா? நீங்களும் ஒரு பொம்பளதானுங்க?" என்று கத்திவிட்டு வைத்தேன். அந்த எண்ணை பிளாக் செய்தேன். அன்றைக்கே ஒரு இமெயிலும் வந்தது. தலைப்பே வாழ்த்துகள் என்று ஆரம்பித்தது. திறக்காமலேயே அழித்தேன்.

அடுத்து நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரத்தில் நான் எழுந்து நின்றேன். மோசடிக்காரர்கள் என் ஆசையைத் தெரிந்துகொண்டு வலை விரித்தார்கள், கர்த்தர் எனக்கு விவேகம் கொடுத்துக் காப்பாற்றினார் என்று கண்ணீரோடு சாட்சி சொன்னேன். சபை முழுக்க அல்லேலூயா சொன்னது. நீங்களெல்லாம்தான் சொன்னீர்கள்.

ஆராதனை முடிந்ததும் ஸ்டெல்லா என்னிடம் வந்தாள். நம் சபையில் பாடல் குழுவில் இருக்கிற ஸ்டெல்லாதான். அவளும் போனில் ஏமாந்தவள். தன்னை ஏமாற்றிய அதே கூட்டமாக இருக்குமோ என்று விசாரிக்க வந்திருந்தாள்.

"அக்கா, எந்த அக்கவுண்டுக்குப் போடச் சொன்னாங்க?"

"எதுக்கும் போடச் சொல்லல."

"லிங்க் அனுப்பி, ஓடிபி கேட்டாங்களா?"

"இல்ல. புதன்கிழமை நேர்ல வரச் சொன்னா."

"எங்க?"

"யுனிவர்சிட்டி ஆபீஸுக்கு."

"அக்கா, எங்கிட்டப் பேசுனவன நேர்ல பாக்கறேன்னு நானுந்தான் கெஞ்சுனேன். கடைசி வரைக்கும் விடவே இல்லியே. திருடன் எதுக்குங்கக்கா ஆபீஸுக்குக் கூப்படறான்?"

பிளாக்கை எடுத்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆப். வியாழக்கிழமை ஐந்து மணி எப்போதோ போய்விட்டது. நாலு மாதமாக எதைக் கேட்டு அழுதேனோ, அது போனில் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. நான் அதைத் திட்டி அனுப்பிவிட்டு, அதற்கு நன்றி சாட்சியும் சொல்லியிருக்கிறேன். டேனியல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "காலைல போலாம். நானும் வாரேன்" என்றார். அன்றுதான் முதன்முதலாக முன்னுரை எதுவும் இல்லாமல் ஜெபித்தேன். "ஆண்டவரே, எனக்கு அது வேண்டும்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கும்போதே போய் நின்றோம். பெயரைச் சொன்னதும் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் தலைநிமிர்ந்து, "எந்த எஸ்தருங்க?" என்றார். குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டீங்களாங்க?"

அவர் என் ஐடி கார்டை வாங்கி போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். என்னைவிடப் பெரிய சந்தேகக்காரியை நான் அன்றுதான் பார்த்தேன்.

"பெல்லோஷிப்புன்னு சொன்னா அழுவாங்க, சிரிப்பாங்க. திட்டுனது நீங்க ஒருத்தருதானுங்க. நெசமா அந்தப் புள்ளையா இருந்தா இப்படிப் பேசாதேன்னு எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. போட்டிக்கு இருக்கறவ எவளோ போன எடுத்துப் பேசி உங்களுக்கு வந்ததக் கெடுக்கறான்னு நெனச்சேன். அதனால அடுத்த ஆளக் கூப்படல. நேர்ல விசாரிக்கோணுமுன்னு ஆபீசர்கிட்டச் சொல்லி நிறுத்திப்போட்டேன். உங்க கைடு சாரு வேற, என்ற புள்ள எஸ்தருக்கு வந்திருச்சான்னு ரெண்டு மூணு தடவ கேட்டுட்டுப் போனாருங்க."

கைடா? எனக்காகவா? அந்த அம்மாள் விடவில்லை.

"போட்டோல இருக்கறது நீங்கதான், செரி. போன்ல பேசுனது நீங்கதான்னு நான் எப்படி நம்பறது? அன்னிக்கிப் பேசுனத இப்பப் பேசுங்க பாக்கலாம்."

முனகினேன்.

"அன்னிக்கி இப்படியா பேசுனீங்க? சத்தமாப் பேசுங்க."

அத்தனை பேர் வேலை பார்க்கிற ஆபீஸில், கண்ணில் தண்ணீர் ஒழுக, "ஊர ஏமாத்திப் பொழைக்கறதுக்கு உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா" என்று உரக்கச் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டேனியல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் உள் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "சார், இவங்களேதானுங்க!" அதன்பிறகுதான் சிரித்தார். நானும் சிரித்தேன், அழுதேன். இரண்டும் ஒன்றாக வந்தது.

புதன்கிழமை சர்ட்டிபிகேட் எல்லாம் சரிபார்த்து என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூட வேலைக்கு நான் போகவில்லை. இந்த வாரமும் தென்னந்தோப்பில் ஏணியில்தான் நிற்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு நவீனோடு என்ன பேசினீர்கள் என்று கைடிடம் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் நான் நினைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். அதற்காகவும் மன்னிப்புக் கேட்டு ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஞாயிறு சொன்ன சாட்சியைத் திரும்பப் பெறத்தான் இதை எழுதுகிறேன். போனில் வருகிறதை எல்லாம் நம்புங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். நானும் மாறிவிடவில்லை. முதல் மாதம் உதவித்தொகை வந்தபோது யாராவது தவறிப் போட்டுவிட்டார்களோ என்று பேங்குக்குப் போய்க் கேட்டவள்தான் நான். ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. இப்போது ஜெபித்து எழுந்தால் பதிலுக்குக் காத்திருக்கிறேன். அன்று நான் கேட்டேனே ஒழிய எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் வந்தது எனக்குத் திருட்டாகத் தெரிந்தது. என் சந்தேகத்தால் நான் இழந்ததை, இன்னொருவருக்கு என் மேல் வந்த சந்தேகத்தை வைத்தே ஆண்டவர் காப்பாற்றிக் கொடுத்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

உங்களில் யாராவது எதற்காகவோ நெடுநாள் ஜெபித்துச் சலித்துப்போயிருந்தால், இன்று ஒருமுறை அவரிடம் நேராகக் கேளுங்கள். நான் நம்பாமல் கேட்டேன், எனக்கே கொடுத்தார். நம்பிக் கேட்கிற உங்களுக்குக் கொடுக்காமல் இருப்பாரா?