ஒரு பெயர் குறைந்த பட்டியல்

மீளாய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை எழுந்து நிற்கச் சொல்வார்கள். தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டில் ஒரு மண்டபத்தில், நானும் நின்றேன். செய்யூர் பக்கம் ஒரு கடலோரப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகி அது எனக்கு முதல் வருஷம். "வாங்குற சம்பளத்துல திங்கிற சோறு செரிக்குதாம்மா?" என்று மைக்கில் கேட்டார் அதிகாரி. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஐம்பது வயதில் எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம், காட்டத்தான் ஆளில்லை.

அன்றோடு தூக்கம் போயிற்று. பிரஷர் ஏறியது. டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை அரையில் தொடங்கி ஒன்றரை ஆயிற்று. வீட்டில் தட்டு கீழே விழுந்தால்கூட எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன்.

மறு வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர் அனுப்பும் முன் வகுப்பாசிரியர் பட்டியலோடு வந்தார். கணக்கில் ஒரே ஒரு பெண்தான் தேறமாட்டாள் என்றார். விடியற்காலையில் அம்மாவோடு மீன் விற்றுவிட்டு, மணி அடித்த பிறகு மூச்சிரைக்க ஓடிவருகிறவள். பள்ளிக்கூடம் என்றால் அவளுக்கு உயிர். அதுவும் எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்புவது ஊரில் நடக்காததல்ல. அவள் அம்மாவை வரச் சொன்னேன்.

"பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சு டீச்சர்?"

"தப்பெல்லாம் இல்லம்மா. ஃபெயிலானா மனசு ஒடிஞ்சிடும். அடுத்த வருஷம் நிதானமா பிரைவேட்டா எழுதட்டும். அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நீங்க சொன்னா கரீட்டாத்தான் இருக்கும். எங்க கைநாட்டு வெக்கணும்?"

மைப்பெட்டியை நானே அவள் பக்கம் நகர்த்தினேன்.

அந்த வருஷம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. முடிவைப் பலகையில் ஒட்டிய அன்று, அதைச் சுற்றி நின்ற கூட்டத்தில் அந்தப் பெண்ணும் இருந்தாள். மீன் கூடையை கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"நம்ம கிளாசு மொத்தமும் பாஸாமே டீச்சர்?"

"ஆமா."

"பிரைவேட்டு ஃபாரம் எப்ப குடுப்பாங்க?"

"சொல்லி அனுப்புறேன்" என்றேன். அனுப்பவில்லை. அவள் முகத்தை இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்று இரவு மாத்திரை போடாமலே படுத்தேன். விடியும்வரை நன்றாகத் தூங்கினேன்.